கஜுலு இலட்சுமிநரசு செட்டியார் சரித்திரம்



சட்டசபை என்னும் சொல் இக்காலத்தில் பள்ளிச் சிறுவரும் அறிந்ததொரு சொல்லாயிற்று. நம் காரைக்காற் பகுதியினின்றும் ஐந்து தொகுதியார் தத்தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துப் புதுச்சேரிச் சட்டசபைக்கு அனுப்புகின்றனர். தேர்தல் அணுகுந்தோறும் நம் மரபினர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு வினா எழுவதுண்டு. நம்மவர்க்கு எத்தனை இடம் கிடைக்கும் என்பதே அது. அவ்வினா பிழையுடையதென்று யாம் கூறோம். ஆயின் அதற்கு முன்னே கேட்கத்தக்க மற்றொரு வினா உண்டு. இடம் கிடையாத காலத்தே நாம் செய்தது யாது, இனிச் செய்யத்தக்கது யாது என்பதே அம்மற்றொன்று. சபையில் இடமென்பதே நம்மவர் ஒருவர்க்கும் இல்லாதிருந்த காலத்தில், நாட்டாருக்காகப் பேசியும் எழுதியும் அலைந்தும் தம் பொருளையெல்லாம் செலவிட்டு, முதுமை தொடங்கிய பின்னரே சபையில் ஓரிடம் பெற்ற பெரியார் ஒருவரின் சரித்திரத்தை அறிந்தால், இவ்வினாவிற்கு விடை ஒருவாறு புலனாகும். ஆதலின் சென்னைப் பட்டினத்துக் கஜுலு இலட்சுமிநரசு செட்டியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

ஒரு காலத்து இருவர்

செட்டியார் சென்னையிற் பிறந்தது 1806ஆம் ஆண்டில். அதற்கு மூன்றாண்டு கழித்து, 1809இல், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் பிறந்தார். பிற்காலத்தில் அந்நாட்டின் தலைவராகி அடிமைத்தளையை அறுத்த அவரை அறியாதார் இலர். ஆயின் அவர் தமது பொதுவாழ்வைத் தொடங்கியது ஒரு மாகாணச் சட்டசபையில் என்பதைச் சிலரே அறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வொரு மாகாணத்திற்கும் அக்காலத்திலேயே தனித்தனிச் சட்டசபை இருந்தது. இல்லினாய்சு மாகாணத்தில் மரம் வெட்டியும் கடையில் நின்றும் பிழைத்துவந்த லிங்கன், 1834ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், அம்மாகாணத்தாரின் வாக்குப்பெற்றுச் சபையுட் புகுந்தார். ஆங்கு நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை வழக்கத்தை ஒழிக்க முயன்ற சங்கங்களைக் கண்டித்து அச்சபை தீர்மானஞ் செய்தபோது, 1837இல் அதற்கு மறுப்பெழுதிக் கையொப்பமிட்டவர் லிங்கனும் மற்றொருவருமாகிய இருவரே. அம்மாகாணத்திலும் அன்று வாக்குரிமை வெள்ளையராகிய ஆடவர்க்கு மட்டுமே இருந்ததென்பதையும் மறத்தலாகாது.

அதே காலத்தில் நம் நாட்டின் நிலை யாது? சென்னை இராசதானி முழுவதும் ஆங்கிலேய வாணிகக் கும்பினியாரின் ஆட்சியில் இருந்தது. ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையாரும் ஐரோப்பியர். வாக்கு என்பது இல்லை. உறுப்பினர் என்பார் இலர். குடிகள் தம் குறையைச் சொல்ல விரும்பின் விண்ணப்பம் ஒன்றே வழி. அவ்விண்ணப்பமும் யாரைப் பற்றிய முறையீடோ அவர் கையிலேயே சென்று சேர்வது பெருவழக்கு. லிங்கன் வறியராய்ச் சபையுட் புகுந்து உயர்ந்தார். செட்டியாரோ செல்வராய்ப் பொதுப்பணியிற் புகுந்து, சபையில் இடம்பெற்ற பின் வறியராய் மறைந்தார். இவ்விரண்டு வாழ்க்கையையும் அருகருகே வைத்து நோக்கின், வாக்குரிமை உள்ள நாட்டிற்கும் அஃதில்லா நாட்டிற்கும் உள்ள வேற்றுமை தெளிவாகும்.

வாணிகமும் பத்திரிகையும்

கஜுலு என்பது தெலுங்கில் வளையலைக் குறிக்குஞ் சொல். இப்பெயர் பூண்ட குடும்பத்தில் வந்த சித்துலு செட்டியார் சென்னையில் அவுரி வாணிகம் செய்தவர். அவருடைய புதல்வரே நம் செட்டியார். பள்ளியிற் சிறிது பயின்றபின் தந்தையாருடன் வாணிகத்திற் புகுந்து, அதனைப் பெருக்கி, பட்டினத்துத் தனவந்தருள் ஒருவராயினார். அவர் கற்ற கல்வி நூலறிவினும் உலகியலறிவே மிக்கது. நாட்டு நடப்புகளை நண்பரோடு கூடியிருந்து ஆராய்தல் அவருக்கு இளமைதொட்டே வழக்கமாயிருந்தது.

நாற்பது வயதை அணுகியபோது அவர் செய்த முதற்பெருஞ் செயல் பத்திரிகை தொடங்கியது. 1844ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘கிரெசெண்டு’ என்னும் ஆங்கிலப் பத்திரிகை வெளிவந்தது. கிரெசெண்டு என்பதற்கு இளம்பிறை என்பது பொருள். எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரை ஆசிரியராக அமர்த்தி, செலவு முழுவதையும் தாமே ஏற்றார். தமிழரும் தெலுங்கரும் படிப்பதற்கு ஆங்கிலப் பத்திரிகை எதற்கு என்று வினவுவாருண்டு. ஆள்வோர் படிக்கவேண்டும் என்பதே அவர் கருத்து. குடிகளின் துயரைக் குடிகளுக்கே எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை; அத்துயரை நீக்கும் வலியுடையார் செவியில் அவர்க்கு விளங்கும் மொழியிற் சொல்லவேண்டும். சென்னையிலும் இலண்டனிலும் உள்ள ஆங்கிலேயர் பார்வைக்கு நம்மவர் கருத்து நம்மவர் பொருளால் நடைபெறும் ஏட்டில் வருதல் அந்நாளில் புதுமையாயிருந்தது. சர்க்காரின் ஆதரவு அதற்கில்லை. ஆண்டுதோறும் நட்டமே மிகுந்தது. எனினும் செட்டியார் அதனைக் கைவிடவில்லை.

அக்காலத்தில் ஆளுநராயிருந்த டுவீடேல் பிரபு பாதிரிமாரின் முயற்சிகளுக்குத் துணை நிற்பவரென்பது பட்டினத்து இந்துக்களின் எண்ணம். சர்க்கார்ப் பள்ளியில் விவிலியத்தைப் பாடமாக்கலாம் என்னும் யோசனை எழுந்தபோது, 1846ஆம் ஆண்டில் செட்டியார் தலைமையில் பட்டினத்து மக்கள் பெருந்திரளாகக் கூடிக் கும்பினியாருக்கு விண்ணப்பம் எழுதினர். இலண்டனிலிருந்த கும்பினி அதிகாரிகள் அவ்யோசனைக்கு உடன்படவில்லை. கூட்டங்கூடிப் பேசி, தீர்மானித்து, எழுதி, பலர் கையொப்பமிட்டு அனுப்பினால் ஆட்சியாளரும் செவிசாய்ப்பர் என்பதைச் சென்னையார் முதன்முதலாக உணர்ந்த நிகழ்ச்சிகளுள் இஃதொன்று.

சென்னைச் சுதேசிகள் சங்கம்

கும்பினியாரின் உரிமைப்பத்திரம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பார்லிமெண்டினாற் புதுப்பிக்கப்படுவது. 1833இல் புதுப்பித்தது 1853இல் மீண்டும் ஆராய்ச்சிக்கு வரவேண்டியிருந்தது. இச்சமயத்தை நழுவவிடலாகாதென்று எண்ணிய செட்டியாரும் நண்பரும் 1852ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவினர். கல்கத்தாவில் முன்னாண்டு தோன்றிய பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் கிளைபோன்று தொடங்கி, விரைவில் தனித்து நிற்கலாயிற்று. கல்கத்தாச் சங்கத்தாரிற் பலர் பெரு நிலக்கிழார். அவர் நாட்டம் ஜமீன்தார் நலத்தின் மேலது. சென்னை இராசதானியிலோ பெரும்பகுதி நிலம் ரயத்துவாரி முறையில், உழுகுடியிடமே சர்க்கார் நேராக வரி வாங்குவதாய் இருந்தது. ஆதலின் சென்னைச் சங்கத்தின் விண்ணப்பத்தில் உழவன் குரலே மேலோங்கி ஒலித்தது.

1852ஆம் ஆண்டு இறுதியில் எழுதப்பட்டுப் பார்லிமெண்டிற்கு அனுப்பப்பட்ட அவ்விண்ணப்பம் பல குறைகளை எடுத்துரைத்தது. வரி மிகுதி, அதனைத் தண்டும் முறையின் கொடுமை, ஏரி குளம் வாய்க்கால்களைச் செப்பனிடாமை, சாலையின்மை, நீதிமன்றங்களின் தாமதம், கல்விக்குச் செலவிடும் பொருளின் சிறுமை ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் பார்லிமெண்டினரைத் திடுக்கிடச் செய்தது ஒன்று. வரி கொடுக்க இயலாத குடியானவரைச் சர்க்கார்ச் சேவகர் வதைத்துப் பணம் பறிக்கின்றனர் என்னும் முறையீடே அது.

வதை நடந்த விதம்

இஃது எங்ஙனம் நிகழ்ந்ததென்பதைச் சற்று விரித்துரைப்போம். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியும் தன் பட்டாவிற்குரிய வரியைத் தவணை தவணையாகக் கட்டவேண்டும். மழை பொய்த்தாலும் நெல் விலை வீழ்ந்தாலும் தவணை தவறலாகாது. தண்டும் அதிகாரி தாசில்தார்; அவர்க்குக் கீழே கிராமத்து மணியக்காரரும் கணக்கரும் சேவகரும். வரியைத் தண்டுபவராகிய அத்தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். சிறு குற்றங்களைத் தண்டிக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆக, அடிப்பவரும், அடித்தவரைப் பிடிக்கவேண்டியவரும், பிடித்தவரைத் தண்டிக்கவேண்டியவரும் ஒருவரே. கலெக்டர் துரையோ ஒரு பெரிய மாவட்டத்திற்கு ஒருவர். கச்சேரிக்கு நடந்து சென்றாலும் குடியானவன் சொல்லை அவருக்கு எடுத்துச் சொல்பவர் அத்தாசில்தாரைச் சேர்ந்தவரே.

வதையின் வகைகளுள் இரண்டின் பெயர் நம் தமிழ்ச் சொற்களாகவே ஆங்கில அறிக்கையில் ஏறியுள்ளன. ஒன்று கிட்டி, இரண்டு கோல்களை ஒரு முனையிற் கட்டி, இடையே விரல்களை வைத்து நெருக்குவது. சிறுவர் ஆடும் கிட்டிப்புள்ளை அறிந்த நம்மவர்க்கு, அதே சொல்லுக்கு இப்படியொரு பொருளும் அகராதியில் உண்டென்பது வருத்தந் தரத்தக்கது. மற்றொன்று அண்ணாந்தாள், ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணித்து அந்நிலையிலேயே நிறுத்துவது. அங்ஙனம் குனிந்தவன் முதுகின்மேற் கல்லேற்றி வெயிலில் நிற்கவிடுதலும் உண்டு. கொடுக்கவேண்டிய தொகையோ பெரும்பாலும் சில அணாக்களும் சில ரூபாய்களுமே.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய அறிவுரையை நம் அன்பர்கள் கற்றிருப்பர். விளைந்த நெல்லை அளந்து கவளமாக்கி ஊட்டின் சிறு நிலமும் யானைக்குப் பல நாளைக்கு உணவாகும். யானையே வயலிற் புகுமாயின் உண்பதினும் மிதித்தழிப்பதே மிகுதியாகும் என்பது அதன் கருத்து. அப்புலவர் மன்னனை நேரிற்கண்டு உரைத்தார். நம் குடியானவன் காணவேண்டிய மன்னன் இலண்டனில் இருந்தான். இடைப்பட்ட கடலைக் கடப்பிக்கச் செட்டியார் போல்வார் வேண்டியிருந்தனர்.

விசாரணை

விண்ணப்பம் பார்லிமெண்டை அடைந்தபோது கும்பினி சார்பினர், இவையெல்லாம் மிகைப்படக் கூறியவை என்றனர். 1853ஆம் ஆண்டில் டான்பி சீமூர் என்னும் பார்லிமெண்டு உறுப்பினர் உண்மையைத் தாமே காணச் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரைத் தக்கவாறு வரவேற்று, உடன் சென்று, மாவட்டங்கள் பலவற்றை நேரிற் காட்டினார். ஊர்க்குடிகள் தம் வாயாற் சொல்லக் கேட்ட சீமூர் இங்கிலாந்திற்கு மீண்டு, 1854ஆம் ஆண்டு ஜூலையில் பார்லிமெண்டிற் பேசினார். விசாரணைக் குழு அனுப்பவேண்டுமென்னும் தீர்மானம் மிகச்சில வாக்குக் குறைவால் தோற்றது. ஆயினும் விவாதத்தில் வெளிவந்த செய்திகளை மறைக்க இயலாமையின், கும்பினியாரே சென்னையில் ஒரு விசாரணைக் குழுவை அமைக்கும்படி நேர்ந்தது.

எலியட்டு, ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அக்குழுவினர். நார்ட்டன் சென்னையிற் புகழ்பெற்ற வழக்கறிஞர்; இராசதானியின் சீர்கேட்டை முன்னரே நூலெழுதி வெளியிட்டவர். குழு அமர்ந்தது சென்னையில். முறையீடு கூறுவதற்கு விட்ட காலம் மூன்று திங்கள். இருப்புப்பாதை இல்லாத காலம் அது. உழவுத்தொழிலை விட்டுவிட்டு, கட்டுச்சோறு கொண்டு, நூறு கல் இருநூறு கல் நடந்து பட்டினம் வந்து, துரைமார் முன்னே நின்று, தன் ஊர்த் தாசில்தார்மேற் குறைசொல்லி, பின்னர் அவ்வூருக்கே திரும்பிச் சென்று வாழவேண்டும். இவ்வளவு இடர் இருந்தும் வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 நேரில் வந்து கூறியவை. 1,440 கடிதவாயிலாக வந்தவை.

1855ஆம் ஆண்டு ஏப்ரலில் குழுவினர் அறிக்கை எழுதினர். வதை உண்மையே, அது வரித்தண்டலிலும் குற்ற விசாரணையிலும் நடைபெறுகின்றது, வரியையும் போலீசையும் ஒருவர் கையிலே வைத்திருப்பதே அதற்குப் பெருங்காரணம் என அவர்கள் முடிவு கூறினர். 1859ஆம் ஆண்டின் சட்டத்தாற் சென்னையில் போலீசு வரியிலாகாவினின்றும் பிரிக்கப்பட்டுத் தனித்துறை ஆயிற்று. அவ்வறிக்கையின் செய்தி இந்நாட்டெல்லையோடு நிற்கவில்லை. 1857ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் நியூயார்க்கு நகரத்து ‘டிரிப்யூன்’ பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் அதனை எடுத்துக்காட்டிக் கட்டுரை எழுதினார். பெயரறியாத குடியானவன் ஒருவன் விரலிற் பட்ட காயம் மூவாண்டில் உலகின் மறுபுறத்து ஏட்டில் அச்சேறிற்று. செட்டியார் தேடிய பயன் இதுவே.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இவ்வளவும் நடந்தபோது செட்டியார் எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்லர். அவரைத் தேர்ந்தெடுத்தார் ஒருவரும் இலர். முறையிட்டவர் எல்லோரும் அவருடைய குலத்தார் அல்லர். எல்லோரும் அவருடைய தாய்மொழியினரும் அல்லர். பல மாவட்டத்து, பல சாதிக் குடிகள். பட்டினத்து வாணிகர் ஒருவர்க்கு நாட்டுப்புற உழவனின் வரித்துயரால் நேரே வந்த இழப்பு ஒன்றுமில்லை. அங்ஙனமாகவும் அதனைத் தம் துயராகக் கொண்டதனாலேயே அவர் உண்மையிற் பிரதிநிதியாயினார்.

சட்டநிரூபண சபையில்

1858இல் கும்பினியாட்சி ஒழிந்து பிரிட்டிஷ் முடியாட்சி நேரே ஏற்பட்டது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டத்தால் சென்னையில் ஆளுநரின் ஆலோசனைச் சபையொடு வேறு சில உறுப்பினரும் சட்டமியற்றுதற்காகச் சேர்க்கப்பட்டனர். அங்ஙனம் சேர்க்கப்படுவோருள் பாதிக்குக் குறையாதார் உத்தியோகத்தரல்லாதவராயிருத்தல் வேண்டும். ஆயினும் அவரைத் தேர்பவர் மக்கள் அல்லர், ஆளுநரே நியமிப்பர். பதவிக்காலம் இரண்டாண்டு. முன்வைக்கும் சட்டத்தைப் பற்றிப் பேசலாம், வேறொன்றும் பேசலாகாது. வினா எழுப்ப உரிமையில்லை. வரவு செலவைப் பற்றி வாய்திறக்க இயலாது. இவ்வுரிமைகளுள் சில 1892ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே கிடைத்தன.

இச்சபையில் முதலில் இடம்பெற்ற நம் நாட்டவர் வெ. சடகோபாசாரியர். அவர் மறைந்தபின் 1863ஆம் ஆண்டில் இலட்சுமிநரசு செட்டியார் நியமனம் பெற்றார். அப்போது அவர்க்கு ஏறக்குறைய ஐம்பத்தேழு வயது. எந்த அரசைப் பத்திரிகை வாயிலாகவும் விண்ணப்ப வாயிலாகவும் இருபதாண்டு இடித்துரைத்தாரோ, அவ்வரசே அவரை அழைத்து அருகில் இருத்திற்று. ஸி. எஸ். ஐ. என்னும் பட்டமும் அளித்தது. இது பெருமையே. எனினும், கைகட்டி வாய்பொத்தியிருக்கும்படி வகுத்த அச்சபையில் அவர் செய்திருக்கக்கூடியது சிறிது. சபைக்கு வெளியே நின்று அவர் முன்னரே செய்து முடித்தது பெரிது.

பத்திரிகைக்கும் சங்கத்திற்கும் விண்ணப்பங்களுக்கும் வாரி இறைத்ததனால் அவருடைய செல்வம் கரைந்தது. 1868ஆம் ஆண்டில் அவர் காலஞ்சென்றபோது ஒருகாலத்துப் பெருவணிகர் வறியராயிருந்தார். அவர் மறைவிற்குப்பின் சங்கமும் தளர்ந்தது. 1884இல் சென்னை மகாஜன சபை தோன்றியபோது அப்பழைய சங்கத்தின் பணியை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. 1885இல் பம்பாயிற் கூடிய முதற் காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னை ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய ஆட்சிமுறையை ஆராய ஒரு விசாரணைக் குழு வேண்டும் என்பதே அத்தீர்மானம். செட்டியார் வகுத்த வழி முப்பதாண்டு கழித்தும் அழியவில்லை என்பதற்கு இது சான்று.

குறையும் கூறல்

பெரியார் சரித்திரத்தில் குறையை மறைத்தல் உண்மைக்கு மாறாகும். மதம் மாறியவர் தம் குடும்பச் சொத்தில் உரிமை இழக்கமாட்டார் என்னும் சட்டம் 1850ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அதனை எதிர்த்துச் சென்னை இந்துக்கள் விண்ணப்பித்தபோது செட்டியார் அவருள் முன்னின்றார். பாதிரிமார் சார்பாகச் சர்க்கார் நடக்கின்றதென்னும் அச்சம் அதற்குக் காரணமாயிருந்ததை உணர்கின்றோம். ஆயினும் தன் மனச்சான்றின்படி வேறொரு வழிபாட்டை மேற்கொண்டான் என்பதற்காக ஒருவன் பாட்டன் தேடிய நிலத்தை இழக்கவேண்டும் என்பது அறமன்று. தம் சமயத்தைக் காக்க நின்ற அவ்விடத்தில் அவர் ஒருவனுடைய உரிமையை மறுக்க நின்றார். உழவன் பொருட்டு நின்ற இடத்திலோ ஒருவருடைய உரிமையையும் மறுக்கவேண்டிய தேவை அவர்க்கு நேரவில்லை. இவ்விரண்டையும் ஒப்பு நோக்கின், நம்மைப்போன்ற மரபுச் சங்கத்தார்க்கு வேண்டிய படிப்பினை அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. தன் கூட்டத்திற்கு வேலி கட்டுவதில் செலவிடும் ஆற்றலினும், வேலிக்கு வெளியே வதைபடுவானுக்குச் செலவிடும் ஆற்றலே நிலைத்த புகழைத் தரும்.

எல்லைக்கு இப்பால்

நிற்க. செட்டியார் வாழ்ந்த காலத்தில் நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1739இல் அவர் கைக்கு வந்து, ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போர்களிற் பலமுறை கைமாறி, 1817 முதல் அவரிடமே நிலைத்தது. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். நடுவே நம் ஊர். எல்லைக்கல்லைத் தாண்டினால் வேறு சர்க்கார், வேறு சட்டம். ஆயின் அரிசிலாற்று நீரும் அதனால் விளையும் நெல்லும் அதனை விளைவிக்கும் மக்களும் ஒன்றே. செட்டியார் விண்ணப்பம் எழுதிய அதே காலத்தில்தான் நம் துறைமுகத்தினின்றும் கூலியாட்கள் கப்பலேறி ரெயூனியன், மார்த்தினிக்கு, குவாதலூப்பு ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்ஙனம் சென்றவருட் பெரும்பாலார் ஆங்கிலேயர் எல்லையினின்றும் வந்தவர். வரித்துயரும் பஞ்சமும் கடனும் மனிதரை ஊரைவிட்டுத் துரத்தும் விதத்தை நம் கடற்கரையிலே கண்ட முன்னோர்க்குச் செட்டியாரின் விண்ணப்பம் அயலாருடைய செய்தியாகத் தோன்றியிராது.

வாக்குரிமையிலோ நாம் சென்னையாரினும் முந்தியவர். பிரான்சில் 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் பிரெஞ்சிந்தியர்க்கு வாக்கு வந்தது. இடையில் நின்று, 1871இல் மீண்டது. 1872இல் காரைக்காலுக்குத் தனி ஆலோசனைச் சபையும், 1879இல் பிரெஞ்சிந்தியா முழுமைக்கும் பொதுச்சபையும், 1880இல் மேர் தலைமையில் கொம்யூன் சபைகளும் ஏற்பட்டன. சென்னையில் ஆளுநர் நியமித்த சிலரே சட்டசபையில் வீற்றிருந்த காலத்தில் நம் முன்னோர் வாக்குச்சீட்டைக் கையிற் பிடித்தனர்.

அதனால் விளைந்தது யாதெனின், சொல்லவும் நாணுகின்றோம். 1884இல் வாக்காளரை ஐரோப்பியர் எனவும், மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் எனவும், ஏனையோர் எனவும் மூன்று பட்டியலாகப் பிரித்தனர். பட்டியலைப் பற்றிய சச்சரவும் சாதிக்கட்சியும் பொய்வாக்கும் அடிதடியும் மலிந்து, பிரெஞ்சிந்தியத் தேர்தல் என்றாலே நகைக்கும்படி ஆயிற்று. வாக்கு இருந்தது, ஆயின் அவ்வாக்கைக் கொண்டு வறியவன் துயரை எண்ணிக் கணக்கிட்டு ஏட்டிலேற்றி ஆள்வோரைக் கேட்பதற்குச் செட்டியாரைப் போன்ற முயற்சி போதிய அளவு இல்லை. சென்னையில் அம்முயற்சி இருந்தது, வாக்கு இல்லை. இரண்டும் ஒருங்கே வாய்க்கும் பேறு நம் தலைமுறைக்கு வந்திருக்கின்றது. 1954ஆம் ஆண்டு நவம்பரில் காரைக்கால் இந்திய ஆட்சியோடு இணைந்தது. 1962இல் அவ்விணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. இப்போது நம் உறுப்பினர் மக்கள் வாக்கினால் புதுச்சேரிச் சட்டசபையில் அமர்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது

ஆதலின் நம் சங்கத்தார்க்கு யாம் பணிவோடு கூறுவது இது. தேர்தற்காலத்தில் எத்தனை இடம் என்று எண்ணுவதோடு நில்லாமல், ஏனை நாட்களில் எத்தனை குறை என்று எண்ணத் தொடங்குவோமாக. கடைமடைக்கு நீர் வாராத வாய்க்கால் எத்தனை, முதியோர் உதவித்தொகை கிடையாது அலையும் கிழவியர் எத்தனை பேர், பள்ளியை இடையில் நிறுத்திய சிறுவர் எத்தனை பேர் என்று ஊரூராகச் சென்று கேட்டு, பெயரும் நாளும் தவறாமல் எழுதி, பலர் கையொப்பத்தோடு உரியவரிடம் சேர்ப்பிப்போமாக. அங்ஙனம் எழுதும்போது குலம் இன்னதென்று வினவாதிருப்போமாக. 1,959 என்னும் எண்ணிக்கை பேசியதைப்போல ஆயிரம் மேடைப்பேச்சும் பேசவில்லை என்பதைச் செட்டியார் சரித்திரம் நமக்கு உணர்த்துகின்றது.

பிறைச்சந்திரன் தோன்றி மறைவது சிறுபொழுதே; ஆயினும் அது வளரும் என்பதை அறிந்தே மக்கள் அதனைத் தொழுகின்றனர். தம் பத்திரிகைக்கு அப்பெயரிட்ட செட்டியார் முழுமதியைக் காணாது மறைந்தார். அம்முழுமதியின் ஒளியில் இன்று நடமாடும் நாம், இருளில் விளக்கேந்தியவரை மறவாதிருத்தலும், நம்மருகே இன்னும் இருளில் நிற்பாரை நோக்கி அவ்விளக்கைத் திருப்புதலும் செய்வோமாயின், அதுவே அவர்க்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.